கொச்சிப் படகில் ஏற்ற வேண்டாம்

வணக்கம் ஐயா,

நான் தங்கச்சிமடம். அண்ணனும் நானும் விசைப்படகில் கூலிக்குப் போகிறோம். அண்ணனுக்கு வயது 38. போன வருடம், தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் அன்று, கோவிலில் சத்தியம் செய்துவிட்டு ஒரே நாளில் குடியை நிறுத்தினார். இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. மூன்றாம் நாள் ராத்திரி திண்ணையில் நின்று இல்லாத வலையை இழுத்துக்கொண்டு, "பிடிங்கடா, கயிறு போகுது" என்று எங்களை ஏசினார். அப்பா, இது பேய்தான், ஏர்வாடி தர்காவுக்குக் கொண்டுபோகலாம் என்றார். அதற்குள் ஐந்தாம் நாள் தெளிந்துவிட்டது. அப்புறம் பதினான்கு மாதம் தொடவே இல்லை. இந்த மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு சாவு வீட்டில் மறுபடியும் ஆரம்பித்துவிட்டார். இப்போது காலையில் எழுந்ததும் ஒரு கட்டிங் போடாவிட்டால் கை நிற்பதில்லை. ஒரு நாளைக்கு மூன்று குவார்ட்டர் ஆகிறது.

ஜூலையோடு கேரளாவில் தடை முடிகிறது. கொச்சியில் தங்குகடல் படகில் எங்கள் இரண்டு பேருக்கும் வேலை சொல்லியிருக்கிறார்கள். பத்து நாள் கரை கிடையாது, சரக்கும் கிடைக்காது, தானாக விட்டுவிடுவார் என்று நினைக்கிறேன். அண்ணி, குழம்பில் கலந்து கொடுக்கும் மருந்து ஒன்றை விளம்பரத்தில் பார்த்து வாங்கலாமா என்று கேட்கிறார். சத்தியத்தை மீறியவரை இனி எப்படி நம்புவது? எங்களுக்கு மனசே விட்டுப்போய்விட்டது. என்ன செய்யலாம், சொல்லுங்கள். பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணனைக் கொச்சிப் படகில் ஏற்ற வேண்டாம். கடிதம் வந்த அன்றே இதை மட்டும் உங்களுக்குத் தனியாக எழுதிவிட்டேன். இங்கே விவரமாக எழுதுவதற்குக் காரணம், இந்த யோசனை உங்கள் வீட்டில் மட்டும் இல்லை. "கடலுக்கு அனுப்பிவிடு, குடி நின்றுவிடும்" என்று தொண்டியிலும் மூக்கையூரிலும் சொல்லக் கேட்டிருக்கிறேன். அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் தினமும் குடிக்கிற ஒருவருக்கு, அதுவும் ஒரு முறை வலிப்பு கண்டவருக்கு, திடீரென்று குடியை நிறுத்துவது உயிரைப் பறிக்கக்கூடிய காரியம். டாக்டர் பக்கத்தில் இருக்கும்போது செய்ய வேண்டியதை, கரையே தெரியாத இடத்தில் செய்யப் பார்க்கிறீர்கள்.

நான் மருத்துவன் இல்லை. நான் சொல்லப்போவது மருத்துவர்கள் எல்லோரும் ஒத்துக்கொள்கிற அடிப்படை விஷயம்தான். நீங்கள் பாய்மர வத்தையைப் பார்த்திருப்பீர்கள். காற்று ஒரு பக்கம் சாய்க்கும், ஆட்கள் மறுபக்கம் பலகையில் ஏறி உட்கார்ந்து எடை கொடுப்பார்கள். அடித்துக்கொண்டிருந்த காற்று ஒரு நொடியில் விழுந்துவிட்டால், உட்கார்ந்திருக்கிறவர்களின் எடையே வத்தையைக் கவிழ்க்கப் பார்க்கும். மது மூளையை அடக்கி மந்தமாக்குகிறது. வருடக்கணக்கில் அப்படி அடக்கினால், மூளை சமாளிப்பதற்காகத் தன் பக்கத்துத் தூண்டுதலைக் கூட்டிக்கொண்டே போகும். சட்டென்று மது நின்றால் அந்தத் தூண்டுதல் மட்டும் மிஞ்சும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, வலிப்பு எல்லாம் அதிலிருந்து வருகிறவை.

இதற்கு ஏறக்குறைய ஒரு கால அட்டவணையே உண்டு. கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலிருந்து நடுக்கமும் குமட்டலும் தொடங்கும். வலிப்பு பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று டாக்டர்கள் சொல்கிற நிலை வரலாம். ஆள் யார், இடம் எது என்று தெரியாது. பூச்சி ஊர்வது தெரியும், இல்லாதவர்களோடு பேசுவார், காய்ச்சல் அடிக்கும், நெஞ்சு படபடவென்று ஓடும். இதை உங்கள் படகில் வைத்துப் பாருங்கள். முதல் நாள் வலை போடும்போது கை நடுங்கும். இரண்டாம் நாள், வலையை இழுக்கிற வின்ச் இயந்திரம் ஓடுகிற இடத்தில் வலிப்பு வரும். மூன்றாம் நாள் இரவு, தண்ணீரைத் தரை என்று நினைத்து இறங்கி நடக்கப் பார்ப்பார். அவரைக் கரைக்குக் கொண்டுவர எத்தனை மணி நேரம் ஆகும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

போன வருடம் திண்ணையில் அவர் வலை இழுத்தாரே, அது பேய் இல்லை தம்பி. இந்த நிலையில் பலர் தங்கள் தொழிலையே செய்துகொண்டிருப்பார்கள். லாரி டிரைவர் இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்புவார், தையல்காரர் இல்லாத துணியைத் தைப்பார். உங்கள் அண்ணன் வலை இழுத்தார். சிகிச்சை இல்லாத காலத்தில் இந்த நிலைக்குப் போனவர்களில் கணிசமானவர்கள் இறந்துபோனார்கள். இன்று மருத்துவமனையில் சரியாகப் பார்த்தால் மிகப் பெரும்பாலானவர்கள் பிழைத்துவிடுகிறார்கள். அண்ணன் போன முறை மருந்தில்லாமல் மீண்டது உங்கள் குடும்பத்தின் நல்ல காலம். இந்த முறை அதை நம்ப முடியாது. குடிப்பதும் திடீரென்று நிறுத்துவதுமாக இருப்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் மூளை முன்னைவிட எளிதில் கொதிக்கிறது. முன்பு வலிப்பு வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம்.

அப்பாவிடம் சண்டை போடாதீர்கள். ஏர்வாடி தர்காவுக்கு எல்லா மதத்தவரும் நம்பிக்கையோடு போகிறார்கள், அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்து 28 பேர் இறந்ததை அவருக்கு நினைவூட்டுங்கள். சங்கிலியால் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் செத்தவர்கள் அவர்கள். அதற்குப் பிறகு அந்தக் காப்பகங்கள் மூடப்பட்டன. இப்போது 2017 மனநலச் சட்டப்படி யாரையும் சங்கிலியால் கட்டுவது குற்றம். தர்காவோடு சேர்ந்து மருந்தும் துஆவும், அதாவது பிரார்த்தனையும், ஒன்றாகக் கிடைக்கிற அரசுத் திட்டமும் அங்கே வந்தது. ஆகவே முதலில் ஆஸ்பத்திரி. தெளிந்த பிறகு அப்பா அவரை ஏர்வாடிக்குக் கூட்டிப் போகட்டும், ஓரியூர் அருளானந்தர் கோவிலுக்கும் கூட்டிப் போகட்டும்.

இனி அண்ணி கேட்டது. அந்த விளம்பரத் தூளில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சிலவற்றில் ஒன்றுமே இருக்காது, காசு போகும். டைசல்ஃபிராம் என்கிற மாத்திரை டாக்டர்கள் கொடுப்பதுதான், ஆனால் அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து, சிலருக்கு நெஞ்சே நின்றுபோகும். கடைசி மாத்திரைக்குப் பிறகும் இரண்டு வாரம் வரை அந்த ஆபத்து உண்டு. அதனால்தான் குடி நின்று குறைந்தது பன்னிரண்டு மணி நேரம் ஆன பிறகு, நோயாளிக்கு எல்லாம் விளக்கி, அவர் சம்மதத்தோடு தொடங்குகிறார்கள். காலையில் கட்டிங் போடுகிறவருக்குத் தெரியாமல் குழம்பில் கலப்பது விஷம் வைப்பதற்குச் சமம். அண்ணி அதற்காகக் கேட்கவில்லை, வேறு வழி தெரியாமல் கேட்கிறார் என்று எனக்குப் புரிகிறது. அவரிடம் கோபப்படாமல் சொல்லுங்கள்.

சரி, இப்போது என்ன செய்வது?

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். 2022 ஜனவரியில்தான் கல்லூரி திறந்தது. கூட்டிப் போகும் வரை சரக்கை ஒளித்து வைப்பது, அறையில் பூட்டுவது எதுவும் வேண்டாம். குடிக்கச் சொல்லி எழுதுகிறேன் என்று அண்ணி வருத்தப்படக் கூடாது. ஓரிரு நாள் குடி தொடர்வதைவிட, வீட்டில் வலிப்பு வருவது பெரிய ஆபத்து. சாப்பாடு கொடுங்கள், வெறும் வயிற்றில் குடிக்க விடாதீர்கள், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள். மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். மதுவோடு அது சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடும். இதே வகை மாத்திரைகளைத்தான் ஆஸ்பத்திரியிலும் கொடுப்பார்கள், ஆனால் அளவு பார்த்து, ஈரலின் நிலை பார்த்து, நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வருவார்கள்.

டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். "எப்பவாவது சாப்பிடுவார் சார்" என்று மானத்துக்காகச் சொல்கிற வழக்கம் நமக்கு உண்டு. வேண்டாம். மூன்று குவார்ட்டர், அதாவது 540 மில்லி, காலையிலேயே ஆரம்பிக்கிறார், கடைசியாகக் குடித்தது இத்தனை மணிக்கு, போன வருடம் வலிப்பு வந்தது, மூன்றாம் நாள் நிலை தவறினார் என்று வரிசையாகச் சொல்லுங்கள். அந்த வலிப்புக் கதை ஒன்றுக்காகவே அவரை உள்நோயாளியாகச் சேர்க்க வாய்ப்பு அதிகம். சேர்க்கச் சொன்னால் தயங்க வேண்டாம்.

இன்னொன்று. நம் ஊரில் ஆள் சோர்ந்தால் உடனே பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றிவிடுகிறார்கள். நாள்பட்டுக் குடிப்பவர்களுக்கு உடம்பில் பி1 வைட்டமின், அதாவது தயமின், வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸை ஏற்றினால், இருக்கிற கொஞ்சமும் செலவாகி மூளை பாதிக்கப்படலாம். கண் அசைவு மாறும், நடை தள்ளாடும், குழப்பம் வரும். கவனிக்காமல் விட்டால் ஞாபகசக்தி நிரந்தரமாகப் போய்விடும். எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும், "தயமின் ஊசி போட்டாச்சா சார்?" என்று பணிவாகக் கேட்டுவிடுங்கள். தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

போவதற்கு முன்பே வலிப்பு வந்தாலோ, பேச்சு குழறினாலோ, காய்ச்சலோடு உளறினாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ 108ஐக் கூப்பிடுங்கள், காலை வரை காத்திருக்காதீர்கள். வலிப்பின்போது ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், பக்கத்தில் இருக்கிற கூர்மையானவற்றை அகற்றுங்கள். கையில் சாவிக்கொத்து, இரும்பு எதுவும் கொடுக்க வேண்டாம், வாயில் எதையும் திணிக்க வேண்டாம், தண்ணீர் ஊற்றவே கூடாது. அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தால், அவரை எப்படிப் பேசி அழைப்பது என்று 14416இல் கேளுங்கள். டெலி மனஸ் என்கிற இலவச மனநல உதவி எண், தமிழில் பேசுவார்கள், எந்த நேரமும் கூப்பிடலாம்.

யாராவது தனியார் மறுவாழ்வு மையம் ஒன்றைச் சொல்லி, வண்டி அனுப்பித் தூக்கிப் போய்விடுவார்கள் என்பார்கள். அரசு உரிமம் இருக்கிறதா, இரவில் டாக்டரோ நர்ஸோ இருக்கிறார்களா, வீட்டார் பார்க்க விடுகிறார்களா என்று கேளுங்கள். இதில் எந்த ஒரு கேள்விக்கு நேராகப் பதில் வராவிட்டாலும் அங்கே அண்ணனை விடாதீர்கள்.

இடையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இது உங்கள் வீட்டோடு நிற்கிற விஷயம் இல்லை என்பதால். எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை நம் ஆட்களைப் பிடித்துப்போகும்போது, தினமும் குடிக்கிறவர் அன்றிலிருந்து திடீரென்று நிறுத்துகிறார். அங்கேயும் இதே நடுக்கமும் வலிப்பும் வரும். அப்படி ஒருவர் பிடிபட்டால், குடும்பத்தார் வெட்கப்படாமல் சங்கத் தலைவரிடமும் மீன்வளத் துறையிடமும் முதல் நாளே சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் இருக்கும் இந்தியத் துணைத் தூதரகத்துக்குத் தகவல் போனால், டாக்டரைக் காட்டச் சொல்லிக் கேட்க வழி இருக்கிறது.

கடைசியாக, நம்பிக்கை பற்றிய உங்கள் கேள்வி. கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது அதுதான்.

பதினான்கு மாதம் என்பதைச் சும்மா தாண்டிப் போகாதீர்கள். அதற்குள் கிறிஸ்துமஸ் வந்தது, எத்தனையோ முறை மீன்பிடிப் பங்குக் காசு கைக்கு வந்தது, கல்யாணமும் சாவும் வந்திருக்கும். அத்தனையையும் அவர் குடிக்காமல் கடந்திருக்கிறார். சாவு வீட்டில் எடுத்த ஒரு டம்ளர் அதை அழித்துவிடாது. குடியை விட்டவர்களில் மறுபடி ஒரு முறையாவது தடுக்கி விழாதவர்கள் குறைவு. விழுந்தவரை "சத்தியத்தை மீறினவன்" என்று நாம் சொல்லும்போது, "ஆமாம், நான் அப்படித்தான்" என்று அவரும் நினைத்துக்கொள்கிறார். ஒரு டம்ளர் மூன்று குவார்ட்டராக மாறுவதற்கு அந்த வெட்கம் ஒரு பெரிய காரணம். குடியை நிறுத்த, சத்தியம் அவருக்கு ஒரு காரணம் கொடுத்தது. தடைக்காலத்தின் 61 நாளும் வேலை இல்லாமல், வட்டிக்காரர் வாசலில் நிற்க, நிவாரணம் 8,000 ரூபாய் கையில் வந்தால் என்ன செய்வது என்று சத்தியம் சொல்லித் தரவில்லை. அதை மருந்தும் ஆட்களும் சேர்ந்துதான் சொல்லித் தர முடியும்.

ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் பத்து நாள் இருந்தால் நடுக்கம் போய்விடும், ஆசை போகாது. அந்த ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்று மாத்திரைகள் இருக்கின்றன. அண்ணனின் ஈரல், சிறுநீரகம் பார்த்து டாக்டர் முடிவு செய்வார். ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம் எங்கே நடக்கிறது என்று மனநலப் பிரிவிலேயே கேளுங்கள், காசு கிடையாது, குடித்து மீண்டவர்களே பேசுவார்கள். பங்குக் காசை அண்ணி கையில் கொடுக்க அவர் ஒத்துக்கொண்டால் நல்லது. ஒத்துக்கொள்ள வைக்க வேண்டும், பிடுங்கக் கூடாது. மறுபடி ஒரு நாள் சறுக்கினால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும் என்பதையும் இப்போதே பேசி வையுங்கள். பல மாதம் விட்டவரின் உடம்பு பழைய அளவைத் தாங்காது. பழைய நினைப்பில் மூன்று குவார்ட்டரை ஒரே மூச்சில் குடித்தால் அதிலேயே உயிர் போகலாம்.

கொச்சிப் படகுக்காரரிடம், அண்ணனுக்கு உடம்பு சரியில்லை, அடுத்த நடைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள். முடிந்தால் நீங்களும் இந்த முதல் நடைக்குப் போகாமல் இருங்கள். வார்டில் ராத்திரி துணைக்கு ஓர் ஆண் ஆள் வேண்டும், அப்பாவுக்கு வயதாகிவிட்டது. ராமநாதபுரத்தில் இருக்கும் நாட்களில் சாப்பாட்டுக்கோ தங்குவதற்கோ சிரமம் இருந்தால் எனக்கு எழுதுங்கள். அங்கே எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்