ரிப்போர்ட் நார்மல், ஆனாலும் விசேஷம் இல்லை: விந்தணு ஆர்.என்.ஏ. பார்க்கலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது. பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறை பக்கம். பொள்ளாச்சியிலிருந்து கொச்சிக்கு இளநீர் லோடு ஓட்டுகிறேன். கல்யாணமாகி மூன்று வருடம் ஆகிறது. மனைவிக்கு 29 வயது. அவருக்கு எல்லா டெஸ்டும் எடுத்தாயிற்று, குறை ஒன்றுமில்லை. எனக்கு ஒரு தடவை விந்துப் பரிசோதனை செய்ததில் மில்லிக்கு 3.8 கோடி அணுக்கள், 46 சதவீதம் அசைகின்றன, நார்மல் என்று வந்தது. விந்தணுவில் ஆர்.என்.ஏ. டெஸ்ட் எடுத்தால் காரணம் தெரிந்துவிடும் என்று ஒருவர் சொல்கிறார். செலவு அதிகம். எடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஆனால் அதில் விஷயமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

உங்கள் ரிப்போர்ட் உண்மையிலேயே நார்மல்தான். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் தந்த அளவுப்படி மில்லிக்கு 1.6 கோடி அணுக்களும் 42 சதவீத அசைவும் கீழ் எல்லை. ஆனால் இந்தப் பரிசோதனை எத்தனை வண்டி கிளம்பின, எத்தனை ஓடுகின்றன என்று மட்டும்தான் எண்ணும். வண்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காது.

லோடு ஏற்றியதும் கையில் ஒரு டிரிப் ஷீட் தருவார்கள் இல்லையா? டி.என்.ஏ.வைச் சரக்கு என்று வைத்துக்கொண்டால், ஆர்.என்.ஏ. அந்த ஷீட் மாதிரி. விந்தணு எப்படி உருவானது என்ற தடம் அதில் கொஞ்சம் இருக்கும். கருமுட்டைக்குப் போய்ச் சேர்ந்ததும் உதவுகிற குறிப்பும் இருக்கும். ஒரு காலத்தில் இதை மிச்சம் மீதி என்று ஒதுக்கிவிட்டார்கள். விந்தணுவின் ஆர்.என்.ஏ. முட்டைக்குள்ளும் போய்ச் சேருகிறது என்று 2004-ல்தான் காட்டினார்கள்.

உங்கள் கேள்விக்கு நேராக வருவது 2015-ல் அமெரிக்காவில் ஸ்டீபன் கிராவெட்ஸ் குழு வெளியிட்ட ஆய்வு. உங்களைப் போலவே காரணம் புரியாமல் குழந்தைக்காகக் காத்திருந்த தம்பதிகளை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் சுமார் 30 சதவீதம் பேரில், கணவரின் விந்தணுவில் இருக்க வேண்டிய ஆர்.என்.ஏ. துண்டுகளில் சில காணவில்லை. அப்படிக் குறைந்தவர்களுக்கு, நாள் பார்த்துச் சேர்வதாலோ, விந்தைக் குழாய் வழியாகக் கருப்பைக்குள் செலுத்தும் ஐ.யு.ஐ. முறையாலோ குழந்தை பிறக்கும் வாய்ப்பு 73-லிருந்து 27 சதவீதமாக இறங்கியது. டெஸ்ட் டியூப் முறைக்குப் போனவர்களிடம் இந்தக் குறை பெரிதாகத் தெரியவில்லை. அதாவது எந்தச் சிகிச்சையில் காலத்தைச் செலவிடலாம் என்று சொல்லக்கூடிய ஒரு கருவி இதிலிருந்து வரலாம். ஆனால் இது இன்னும் வழக்கமான பரிசோதனைகளில் சேரவில்லை. ரிசல்ட்டைப் பார்த்துக் கொடுக்க இதற்கென்று ஒரு மாத்திரையும் கிடையாது. அந்தப் பணத்தைக் கையில் வைத்திருங்கள்.

இந்த ஆர்.என்.ஏ. நிலையாக நிற்பதில்லை, உடம்போடு சேர்ந்து மாறுகிறது. எனக்கு இதில் ரொம்ப முக்கியமாகப் படுவது அதுதான். பருமனான ஆண்களிடம் அது வேறு மாதிரி இருக்கிறது. ஸ்வீடனில் 15 இளைஞர்களின் சாப்பாட்டை இரண்டே வாரம் ஒழுங்குபடுத்தி, இரண்டாவது வாரம் சர்க்கரையை அள்ளிக் கொடுத்துப் பார்த்தபோது, அதற்குள்ளேயே விந்தணுவின் சிறு ஆர்.என்.ஏ.க்கள் மாறியிருந்தன. ஒரு விந்தணு உருவாகி வெளியே வர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். இன்றைய சாம்பிள் உங்களுடைய கடந்த மூன்று மாதத்தைத்தான் காட்டுகிறது.

சரி, அந்த மூன்று மாதம் எப்படிப் போனது? இன்ஜின் கேபினுக்குள்ளேயே இருக்கிற பழைய வண்டியா உங்களுடையது? உங்கள் தொழிலில் இருப்பவர்கள் என்னிடம் வரும்போது முதலில் இதைத்தான் கேட்பேன். பானெட்டில் விரித்த துண்டு பாலக்காடு தாண்டுவதற்குள் கை வைக்க முடியாமல் சுடும் என்று ஒருவர் சொன்னார். விந்தகம் உடல் சூட்டைவிட இரண்டு, மூன்று டிகிரி குறைவாக இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். அதனால்தான் இயற்கை அதை வெளியே தொங்கவிட்டிருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வண்டியை ஓரங்கட்டி இறங்கி நடங்கள். இறுக்கமான ஜட்டி வேண்டாம். தூக்கம் வராமல் இருக்க வாயில் அடக்குகிற புகையிலை, திரும்பி வந்ததும் குடிக்கிற குடி, இரண்டையும் நிறுத்த வேண்டும். ஜிம்மில் யாராவது டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடச் சொன்னால் தொடவே தொடாதீர்கள். அது விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும்.

அப்புறம், ஒரு யூராலஜி (சிறுநீரியல்) மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். நிற்க வைத்து இருமச் சொல்லிக் கையால் தொட்டுப் பார்ப்பார். விதைப்பையில் மண்புழு சுருண்ட மாதிரி வீங்கிய ரத்தக்குழாய் தட்டுப்பட்டால் அது வெரிக்கோசில், சரிசெய்யக்கூடியது. சர்க்கரை, பிரஷர், எடையும் பார்த்துவிடுங்கள். விந்து சரியில்லாத ஆண்களிடம் வேறு நோய்களும் சற்றுக் கூடுதலாகத் தென்படுகின்றன என்பதால், குழந்தைக்காக மட்டுமில்லை, உங்களுக்காகவும்தான் இது.

மூன்று மாதம் கழித்து, இரண்டு நாளுக்குக் குறையாமல், ஏழு நாளுக்கு மிகாமல் விந்து வெளியேறாதபடி இடைவெளி விட்டு, விந்துப் பரிசோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். கல்யாண வீட்டில் “விசேஷம் ஏதும் இல்லையா?” என்று கேட்பவர்களுக்கு மூன்று வருடமாக உங்கள் மனைவிதான் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். பெரிய டெஸ்ட் எல்லாமே அவர் உடம்பில்தான் நடந்திருக்கிறது. உங்களுக்கு நடந்தது ஒன்றே ஒன்று. அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது வண்டியை அன்றைக்கு வேறு டிரைவரிடம் விட்டுவிட்டு, இரண்டு பேர் ரிப்போர்ட்டையும் ஒரே ஃபைலில் போட்டு, நீங்களே கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.