கேள்வி பதில்: தளபதி மந்திரியைத் திட்டலாமா?

இராணுவத் தளபதிகள் ஆட்சியாளர்களை வெளிப்படையாக விமர்சிக்கலாமா என்பதுதான் இந்த வாரத் தலைப்பு. ராயபுரம் முதல் எண்ணூர் வரை கேள்விகள் வந்திருக்கின்றன. நான் தண்டையார்பேட்டைக்காரன். தரைப்படையில் கிளார்க்காகச் சேர்ந்து சுபேதாராக ஓய்வு பெற்றவன். ஃபைலும் ரூல் புத்தகமும்தான் என் பிழைப்பாக இருந்தது, அதனால் துப்பாக்கிக் கதை எதிர்பார்க்க வேண்டாம். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

காலடிப்பேட்டை, ஆட்டோ ஓட்டுநர்: சார், நாங்க டீக்கடையில் உட்கார்ந்து மந்திரியைக் கிழி கிழின்னு கிழிக்கிறோம். எல்லையில் உயிரைக் கொடுக்கிறவனுக்கு அந்த உரிமை இல்லையா?

சட்டப்படி இல்லை. அரசியல் சாசனத்தின் 33ஆவது பிரிவு, படையினரின் அடிப்படை உரிமைகளைக் குறைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது. அதன்படி 1950ஆம் ஆண்டு இராணுவச் சட்டம், அதன் கீழ் 1954ஆம் ஆண்டு விதிகள். 21ஆவது விதியைப் பாருங்கள். சர்வீஸில் இருப்பவர் அரசியல் விஷயம் பற்றியோ படை விஷயம் பற்றியோ அனுமதி இல்லாமல் பத்திரிகைக்கு எழுதக் கூடாது, பேசக் கூடாது. சிப்பாய்க்கும் ஜெனரலுக்கும் அது ஒன்றுதான்.

காரணம் ஒன்றும் பெரிய தத்துவம் இல்லை. நீங்கள் மந்திரியைத் திட்டினால் அது ஒரு ஓட்டு. பத்து லட்சத்துக்கு மேல் ஆள் வைத்திருக்கிற தளபதி திட்டினால், கேட்கிற மந்திரி அதை விமர்சனமாக மட்டும் எடுத்துக்கொள்வாரா? சொன்னவர் அப்படி நினைக்காவிட்டாலும் அதில் மிரட்டல் வந்து ஒட்டிக்கொள்ளும்.

பழைய வண்ணாரப்பேட்டை, கல்லூரி மாணவர்: மெக்ஆர்தரை ட்ரூமன் நீக்கியது ஈகோ சண்டை என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். உண்மையா ஐயா?

ஈகோ இருந்தது தம்பி, இரண்டு பேருக்கும் நிறையவே இருந்தது. ஆனால் தேதிகளை வரிசையாக வைத்துப் பார். கொரியப் போர் நடந்த காலம் அது. ட்ரூமன் அமெரிக்க அதிபர், மெக்ஆர்தர் அந்தப் போரின் தளபதி. 1950 ஆகஸ்டில் பழைய போர்வீரர் சங்கம் ஒன்றுக்குத் தைவான் பற்றி அரசாங்கக் கொள்கைக்கு ஒத்துவராத செய்தி ஒன்றை மெக்ஆர்தர் அனுப்புகிறார். திரும்பப் பெறச் சொல்கிறார் ட்ரூமன். செப்டம்பரில் இஞ்சோன் தரையிறக்கம், பெரிய வெற்றி, உலகமே கை தட்டுகிறது. அப்புறம் சீனா உள்ளே வந்து அடிக்கிறது. டிசம்பரில், வெளியுறவு, இராணுவக் கொள்கை பற்றி யார் பேசினாலும் முதலில் வாஷிங்டனில் காட்டி அனுமதி வாங்க வேண்டும் என்று எழுத்தில் உத்தரவு வருகிறது.

1951 மார்ச்சில் போர்நிறுத்தப் பேச்சுக்கு ட்ரூமன் தயாராகிறார். அது தெரிந்தும் மார்ச் 24 அன்று மெக்ஆர்தர் தானாகவே ஓர் அறிக்கை விடுகிறார். சீனாவைக் குத்திக்காட்டி, சரணடையச் சொல்கிற தொனி. பேச்சுவார்த்தை முயற்சி அங்கேயே படுத்துவிட்டது. இதற்கிடையில் எதிர்க்கட்சித் தலைவர் ஜோசப் மார்ட்டினுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். வெற்றிக்கு மாற்று கிடையாது என்கிற புகழ்பெற்ற வரி அதில்தான் இருக்கிறது. ஏப்ரல் 5 அன்று மார்ட்டின் அதைச் சபையில் வாசித்துவிட்டார். ஏப்ரல் 11 அன்று பதவி நீக்கம்.

சீனாவோடு போரை விரிக்க வேண்டும் என்பது அவருடைய கருத்து. அதை அதிபரிடம் நூறு முறை சொல்லியிருக்கலாம், குற்றமில்லை. எழுத்தில் வந்த உத்தரவை மீறினார், எதிர்க்கட்சியின் கையில் கடிதத்தைக் கொடுத்தார். இந்த இரண்டுக்குத்தான் வேலை போனது. என்னைக் கேட்டால் ட்ரூமன் ஆகஸ்டிலேயே செய்திருக்க வேண்டும்.

இன்னொன்று. நீக்கியபோது அமெரிக்க மக்கள் மெக்ஆர்தர் பக்கம்தான் நின்றார்கள். ஊர்வலம், மாலை மரியாதை, நாடாளுமன்றத்தில் உரை எல்லாம் நடந்தது. பிறகு மே மாதம் செனட் விசாரணையில் கூட்டுப்படைத் தலைவர் பிராட்லி உட்பட மூத்த தளபதிகளே வந்து அதிபர் செய்தது சரி என்று சாட்சி சொன்னதும் சத்தம் மெல்ல அடங்கியது. அந்தச் சாட்சியத்தைப் பற்றி உன் வீடியோவில் ஏதாவது இருந்ததா?

பெரம்பூர், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்: ஜெனரல் திம்மய்யா விஷயத்தை எங்கள் அப்பா அடிக்கடி சொல்வார். கிருஷ்ண மேனன் மீது கோபத்தில் ராஜினாமா செய்துவிட்டு ஏன் திரும்ப வாங்கிக்கொண்டார்?

நேரு கூப்பிட்டுப் பேசினார், இவர் உருகிவிட்டார். சுருக்கமாக அவ்வளவுதான்.

விரிவாகச் சொன்னால், 1959 ஆகஸ்ட் 31 அன்று, தரைப்படைத் தளபதியாக இருந்த திம்மய்யா ராஜினாமா கொடுத்தார். அந்த மாதக் கடைசியில்தான் லோங்ஜூவில் சீனர்கள் நம் எல்லைக் காவலைத் தாக்கியிருந்தார்கள். பாதுகாப்பு அமைச்சர் மேனன் பதவி உயர்வுகளில் தலையிடுகிறார், தளபதியின் பேச்சுக்கு மதிப்பில்லை என்பது இவருடைய மனத்தாங்கல். நேரு சமாதானம் செய்து ராஜினாமாவை வாபஸ் வாங்க வைத்தார். அதற்குள் விஷயம் பத்திரிகைக்குப் போய்விட்டது. செப்டம்பர் 2 அன்று நாடாளுமன்றத்தில் நேரு பேசியபோது, சிவில் அதிகாரமே மேலானது என்று அழுத்திச் சொல்லிவிட்டு, திம்மய்யாவின் குறைகளைச் சின்ன விஷயம் என்பதுபோல ஒதுக்கிவிட்டார். கொள்கை சரி, ஆனால் தன் பேச்சைக் கேட்டு வாபஸ் வாங்கிய மனிதரைச் சபையில் வைத்துச் சிறுமைப்படுத்தியது எனக்கு இன்றும் பிடிக்கவில்லை.

1961இல் திம்மய்யா ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டு சீனப் போர். தளபதி சொன்னதைக் காதில் வாங்காததன் விலை அப்போது தெரிந்தது. மேனன் பதவி இழந்தார், தளபதி தாப்பரும் விலகினார்.

ரயில்வேக்காரர் கேட்டதால் ஒரு கிளைக்கதை. 1966 முதல் 1969 வரை தரைப்படைத் தளபதியாக இருந்த பி.பி.குமாரமங்கலம் நம் சேலத்துப் பக்கத்துக்காரர். அப்பா சுப்பராயன் சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தவர். தம்பி மோகன் குமாரமங்கலம் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்து பிறகு காங்கிரஸ் மத்திய அமைச்சரானார். தங்கை பார்வதி கிருஷ்ணன் கம்யூனிஸ்ட் எம்.பி. வீடு நிறைய அரசியல் இருந்தும் சீருடையில் அது தெரியாமல் பார்த்துக்கொண்டார் ஜெனரல்.

ராயபுரம், பள்ளி ஆசிரியை: அப்படியென்றால் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் ஒழுக்கமா? தவறான போருக்கு அனுப்பினால்?

இல்லை டீச்சர். உள்ளே பேசாமல் இருப்பது ஒழுக்கமே இல்லை, அது கடமை தவறுவது.

1971 ஏப்ரலில் கிழக்கு வங்க அகதிகள் குவிந்தபோது, உடனே படையெடுக்க முடியுமா என்று அமைச்சரவையில் கேட்டார்கள். தரைப்படைத் தளபதி மானெக்ஷா முடியாது என்றார். மழைக்காலம் வருகிறது, ஆறுகள் பெருகும், இமயத்துக் கணவாய்கள் திறந்திருக்கும்போது சீனா வரலாம், படைகளைக் கொண்டுசேர்க்க நேரம் வேண்டும். ராஜினாமா செய்யவும் தயார் என்று சொன்னதாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அன்று இதில் ஒரு வார்த்தைகூடப் பத்திரிகைக்குப் போகவில்லை. இந்திரா காந்தி கேட்டுக்கொண்டார். டிசம்பர் 3இல் போர் தொடங்கியது, 16இல் டாக்கா விழுந்தது.

நாடாளுமன்றக் குழு நேராகக் கேட்டால் பதில் சொல்வது வேறு கணக்கு. 2003 பிப்ரவரியில் அமெரிக்கத் தரைப்படைத் தளபதி ஷின்செக்கியை செனட் குழு, போருக்குப் பிறகு ஈராக்கை அடக்கி வைக்க எத்தனை பேர் தேவைப்படும் என்று கேட்டது. பல லட்சம் என்றார். பாதுகாப்புத் துறை மேலிடம் அதைக் கேலி செய்தது. பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும். அவர் யாரையும் திட்டவில்லை, கேட்டதற்குத் தெரிந்ததைச் சொன்னார்.

மூடிய அறையில் சொன்னது கசிந்தால்? பிரான்சில் 2017 ஜூலையில் அது நடந்தது. இராணுவ பட்ஜெட்டில் 85 கோடி யூரோ வெட்டை எதிர்த்து முப்படைத் தலைவர் டி வில்லியே நாடாளுமன்றக் குழுவில் காரமாகப் பேசினார். கதவு சாத்தியிருந்தது, ஆனாலும் வெளியே வந்துவிட்டது. மறுநாளே அதிபர் மக்ரோன் படையினர் கூடியிருந்த இடத்தில், உங்கள் தலைவன் நான்தான் என்று பேசினார். ஒரு வாரத்துக்குள் தளபதி ராஜினாமா. இதில் என் ஓட்டு தளபதிக்கு. எம்.பி.க்களிடம் உண்மையைச் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

மண்ணடி, கடைக்காரர்: எல்லாம் வெளிநாட்டுக் கதையாக இருக்கிறது பாய். நம்ம கோட்டையில் இப்படி எதுவும் நடக்கவில்லையா?

நடந்ததே, அதுவும் சினிமா தோற்கும்படி. உங்கள் கடையிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஜார்ஜ் கோட்டை. 1776இல் அங்கே கவர்னர் பிகாட் பிரபுவுக்கும் அவருடைய சபை உறுப்பினர்களுக்கும் சண்டை. தஞ்சாவூர் விவகாரம், ஆற்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்தவர்களின் பணம், எல்லாம் சேர்ந்த சண்டை. எதிரணி, படைத் தலைமையில் இருந்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டை வைத்து கவர்னரையே கைது செய்தது. அன்று பகலில் ஸ்டூவர்ட் கவர்னர் வீட்டில்தான் சாப்பிட்டார். சாயங்காலம் வண்டியில் போகும்போது பிடித்துக்கொடுத்தார். மறு ஆண்டு பிகாட் காவலிலேயே செத்துப்போனார்.

கதை முடியவில்லை. அதே ஸ்டூவர்ட் 1781இல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் ஹைதர் அலியோடு நடந்த போரில் ஒரு காலை இழந்தார். 1783இல் தளபதியாகக் கடலூர் முற்றுகைக்குப் போனார், கவர்னர் மெக்கார்ட்னியின் பேச்சை மதிக்கவில்லை. இந்த முறை கவர்னர் முந்திக்கொண்டார். செயலாளர் ஸ்டான்டனைச் சிப்பாய்களோடு அனுப்பி ஸ்டூவர்ட்டைக் கைது செய்து கப்பல் ஏற்றிவிட்டார். 1786இல் இங்கிலாந்தில் இரண்டு பேரும் துப்பாக்கியோடு நேருக்கு நேர் நின்றார்கள். ஒற்றைக் கால் ஸ்டூவர்ட் மரத்தில் சாய்ந்தபடி சுட்டார். மெக்கார்ட்னிக்குக் காயம், உயிர் தப்பியது.

1809இல் இன்னொரு கூத்து. வெள்ளைக்கார அதிகாரிகளுக்குக் கூடாரச் செலவு என்று ஒரு படி வந்துகொண்டிருந்தது, அதை நிறுத்திவிட்டார்கள். தளபதி மெக்டவலுக்குச் சபையில் இடம் கொடுக்கவில்லை என்ற கோபம் வேறு. அந்தப் படியை நிறுத்தச் சொல்லி அறிக்கை கொடுத்த கர்னல் மன்றோவைக் கண்டித்து, ஊருக்குப் புறப்படும்போது படை முழுவதும் வாசிக்கிற மாதிரி ஓர் உத்தரவைப் போட்டுவிட்டுக் கப்பல் ஏறினார். கவர்னர் பார்லோ அவரைப் பதவியிலிருந்தே நீக்கினார். அவர் போன கப்பல் புயலில் மூழ்கியது. இங்கே அதிகாரிகள் ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் மசூலிப்பட்டணத்திலும் கலகம் செய்தார்கள். கடைசியில் பெரும்பாலான அதிகாரிகளுக்கு மன்னிப்பு கிடைத்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வெளியே நடந்த மோதலில் செத்தவர்கள், துரைகளின் கூடாரப் படிக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லாத நம் சிப்பாய்கள்.

வியாசர்பாடி, கால்பந்துப் பயிற்சியாளர்: அட்மிரல் பகவத், ஜெனரல் வி.கே.சிங் இரண்டும் ஒரே ரகமா?

இல்லை. துணைத் தளபதியாக யாரைப் போடுவது என்பதில் அரசாங்க உத்தரவை அமல்படுத்த மறுத்தார் கடற்படைத் தளபதி பகவத். 1998 டிசம்பர் 30 அன்று நீக்கப்பட்டார். சுதந்திர இந்தியாவில் படைத் தளபதி ஒருவரை அரசாங்கம் நீக்கியது அதுதான் முதல் முறை. வி.கே.சிங் தன் பிறந்த தேதிப் பிரச்சினைக்காகப் பதவியில் இருந்தபடியே அரசாங்கத்தின் மீது சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 2012 பிப்ரவரியில் மனுவைத் திரும்பப் பெற்றார். கோர்ட்டுக்குப் போவது சட்டப்படி தவறில்லை. தளபதி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு போனது அழகாக இல்லை.

எண்ணூர், அனல்மின் நிலைய ஊழியர்: பக்கத்து நாட்டில் மட்டும் ஏன் அடிக்கடி ஆட்சியைப் பிடிக்கிறார்கள்?

அதற்குத் தனி வாரம் வேண்டும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். பகவத் நீக்கப்பட்ட அதே 1998இல், அக்டோபரில், பாகிஸ்தான் தளபதி ஜஹாங்கீர் கராமத் ஒரு பேச்சில் தேசியப் பாதுகாப்புச் சபை அமைக்கலாம் என்று யோசனை சொன்னார். பிரதமர் நவாஸ் ஷெரீஃபுக்குக் கோபம். கராமத் கௌரவமாக விலகிக்கொண்டார். அவருடைய இடத்துக்கு ஷெரீஃபே தேர்ந்தெடுத்தவர் முஷாரஃப். ஓராண்டில், 1999 அக்டோபர் 12 அன்று, ஷெரீஃபின் ஆட்சி போனது. இங்கே பகவத் போனதும் மறுநாள் கடற்படை வழக்கம்போல வேலை பார்த்தது.

காசிமேடு, படகு உரிமையாளர்: ஓய்வு பெற்ற பிறகு டிவியில் உட்கார்ந்து கத்துகிறார்களே அண்ணே, அது சரியா?

ஓய்வு பெற்றவர் குடிமகன்தான், பேசலாம். தேர்தலிலும் நிற்கலாம். நம் முதல் இந்தியத் தளபதி கரியப்பாவே 1971இல் நின்று தோற்றார். இலங்கையில் சரத் பொன்சேகா 2010இல் ராஜபக்சவை எதிர்த்து நின்றார், தோற்ற கையோடு கைதானார். உக்ரைனில் ஜலூஷ்னி 2023 நவம்பரில், பதவியில் இருக்கும்போதே, போர் முட்டுக்கட்டையில் நிற்கிறது என்று பத்திரிகையில் சொன்னார். பிப்ரவரியில் மாற்றப்பட்டார், பிறகு லண்டனுக்குத் தூதராக அனுப்பினார்கள். மரியாதையான வெளியேற்றம் என்றால் அதுதான்.

டிவி ஜெனரல்களிடம் எனக்கு ஒரே குறை. சர்வீஸில் இருந்தபோது அந்த ஃபைலில் என்ன குறிப்பு எழுதினீர்கள் என்று யாரும் அவர்களைக் கேட்பதில்லை.

கொருக்குப்பேட்டை, ஒரு தாய்: என் பையன் பட்டாளத்தில் இருக்கிறான். சாப்பாடு சரியில்லை, வீடியோ எடுத்துப் போடப்போகிறேன் என்கிறான். போடலாமா ஐயா?

வேண்டாம் அம்மா, இன்றைக்கே போன் செய்து சொல்லுங்கள். 2017 ஜனவரியில் எல்லைப் பாதுகாப்புப் படையின் தேஜ் பகதூர் யாதவ் இதையேதான் செய்தார். நாடே பார்த்தது, ஏப்ரலில் அவருக்கு வேலை போனது. அவர் சொன்ன குறை நியாயமானதாகவே இருக்கலாம். போன வழி அவரைக் கவிழ்த்தது.

இராணுவச் சட்டத்தின் 26ஆவது பிரிவு இதற்காகவே இருக்கிறது. முதலில் கம்பெனி கமாண்டரிடம் எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள், தேதி போட்டு. அவர் மீதே குறை என்றால் அவருக்கு மேலே இருப்பவரிடம். என்றைக்கு, எந்த வேளை, என்ன போட்டார்கள் என்று மட்டும் எழுதட்டும். யாரையும் திட்ட வேண்டாம். பெறப்பட்டது என்று கையெழுத்து வாங்கி ஒரு நகலை உங்களிடம் அனுப்பி வைக்கட்டும். சம்பளம், பதவி உயர்வு மாதிரி சர்வீஸ் விவகாரம் ஏதாவது பின்னால் வந்தால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. மனு எழுதத் தெரியாவிட்டால் விஷயத்தை எனக்குச் சொல்லச் சொல்லுங்கள், வாசகத்தை நான் எழுதித் தருகிறேன்.