அம்மாவின் செவியை யார் சோதித்தார்கள்?

கேள்வி: எனக்கு 68 வயது. கலிபோர்னியாவில் தொழில்நுட்ப நிறுவனங்களில் முதலீடு செய்துவந்து, இப்போது ஓய்வு பெற்றிருக்கிறேன். முதுமை தீர்க்கக்கூடிய சிக்கல் என்று நம்புகிறேன். சர்க்கரை, கொழுப்பு, உறக்கம், இதயத்துடிப்பு எல்லாவற்றையும் தவறாமல் அளந்து குறித்துக்கொள்கிறேன், ஆயுள் நீளும் என்று ராபமைசின் மருந்தும் எடுத்துக்கொள்கிறேன். முதியவர்களைச் சமூகம் ஒதுக்கிவைப்பது என்னை வருத்துகிறது. 90 வயதாகும் என் அம்மா ஸ்ரீரங்கத்தில் தங்கையுடன் இருக்கிறார். மாதாமாதம் பணம் அனுப்பிவிடுகிறேன். காது மந்தமாகிவிட்டதால் அவரோடு இப்போது போனில் பேசுவதில்லை, தங்கையிடம் விசாரித்துக்கொள்கிறேன். என் சிந்தனைகளை நூலாக எழுதுவதா, முதுமை ஆய்வுக்கு நிதியம் தொடங்குவதா, எது சமூகத்துக்குப் பயன்படும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: முதியவர்களை ஒதுக்கிவைக்கும் சமூகத்தைப் பற்றி வருந்தி எழுதிய நீங்கள், உங்கள் அம்மாவை ஒதுக்கிவைத்த செய்தியை ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விட்டீர்கள். என்னால் அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளிடமிருந்து இதே வரி எனக்குப் பலமுறை வந்திருக்கிறது. பணம் போகிறது, உடன்பிறந்தவள் பார்த்துக்கொள்கிறாள், ஆகவே கவலையில்லை என்று எழுதுவார்கள். உங்கள் காது மந்தமானால் மனிதர்களோடு பேசுவதை நிறுத்திக்கொள்வீர்களா? அதே வாரத்தில் சிறந்த மருத்துவரின் முன் உட்கார்ந்திருப்பீர்கள். அம்மாவின் செவியை யாரேனும் சோதித்தார்களா என்பதைக்கூட நீங்கள் எழுதவில்லை.

வயதில் வரும் காது மந்தம் பெரும்பாலும் உயர்ந்த சுருதி ஒலிகளைத்தான் முதலில் பறிக்கும். உயிரொலிகள் கேட்கும், ச, த, ப போன்ற மெலிந்த மெய்யொலிகள் நழுவிவிடும். அதனால் கடை, படை, சடை எல்லாம் அவர்களுக்கு ஒன்றுபோல் ஒலிக்கும். "பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறாய் என்றுதான் புரியவில்லை" என்று முதியவர்கள் சொல்வது இதனால்தான். கத்திப் பேசினால் உயிரொலிதான் இன்னும் பெரிதாகும், சொல் தெளிவாகாது. எதிரே உட்கார்ந்து, முகத்தில் வெளிச்சம் படும்படி நிதானமாகப் பேசினால் பாதிச் சிக்கல் தீரும். சிலருக்குக் காதில் இறுகிய குறும்பியை எடுத்தாலே கேட்கத் தொடங்கிவிடும். இவற்றில் எதையும் செய்து பார்க்காமல் ஒரு தாயோடு பேச்சை நிறுத்தியது தவறு.

நீங்கள் அளவுகளை நம்புகிறவர் என்பதால் அவற்றையும் சொல்கிறேன். மறதிநோய் குறித்து லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சரிசெய்தால் உலகில் ஏறத்தாழ 45 விழுக்காடு மறதிநோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்கிறது. நீங்கள் கவனமாக அளந்துவரும் கெட்ட கொழுப்பின் பங்கு அந்த 45இல் 7; செவித்திறன் குறைவின் பங்கும் அதே 7. பேச்சுத்துணை இல்லாத தனிமையும் அந்தப் பட்டியலில் உண்டு. காது கேட்கும் கருவி பற்றிய அமெரிக்க ஆய்வொன்று 2023இல் வெளியாயிற்று. 70 முதல் 84 வயதுவரை உள்ள ஏறத்தாழ ஆயிரம் பேரை மூன்றாண்டுகள் கவனித்த அந்த ஆய்வில், மொத்தக் குழுவில் வேறுபாடு தெரியவில்லை. அறிவாற்றல் சரியும் ஆபத்து கூடுதலாக இருந்தவர்களிடம் மட்டும் அந்தச் சரிவு 48 விழுக்காடு குறைந்தது. 90 வயதில் உங்கள் அம்மாவுக்கு அந்தப் பலன் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். மகனின் குரலைக் கேட்க ஒரு தாய்க்கு ஆய்வுச் சான்று எதுவும் வேண்டியதில்லை.

கருவியை வாங்கி அனுப்பிவிட்டால் முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். கண்ணாடி போட்டவுடன் எழுத்து தெரிவதுபோல், கருவி மாட்டியவுடன் பேச்சு தெளிவாகிவிடாது. முதல் சில வாரங்கள் மின்விசிறியின் இரைச்சலும் பாத்திரச் சத்தமும்தான் முன்னால் வந்து நிற்கும். மூளை பழகச் சில மாதங்கள் ஆகும். அதற்குள் மூன்று நான்கு முறை போய்ச் சீரமைக்க வேண்டும். பொத்தான் பேட்டரி அவர் விரல்களுக்குள் நிற்காது, ஆகவே சார்ஜ் செய்யும் வகையே நல்லது. புளூடூத் வழியாகப் போன் குரலை நேரே காதுக்குள் கொண்டுவரும் கருவிகள் இருப்பதைத் தொழில்நுட்பத்தில் காலம் கழித்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியிருப்பது வருத்தமாக இருக்கிறது. திருச்சிக்கு அழைத்துப் போய், சோதனை அறைக்கு வெளியே காத்திருந்து, இரைச்சல் தாளாமல் அவர் கருவியைக் கழற்றி வைக்கும்போதெல்லாம் பொறுமையாக மீண்டும் மாட்டிவிட ஒருவர் பக்கத்தில் வேண்டும். அது நீங்களாக இருக்க வேண்டும். இரண்டு மாதங்களாவது வந்து தங்குங்கள். அந்த இரண்டு மாதமும் உங்கள் தங்கைக்கு ஓய்வு கொடுங்கள். நாள் முழுதும் உரத்துப் பேசி ஓய்ந்துபோகும் தொண்டை அவருடையது. மகள் செய்வதால் மகனின் கடமை குறைந்துவிடுவதில்லை. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம்கூட உணவு, உடை, உறைவிடத்தோடு மருத்துவ கவனிப்பையும் சேர்த்தே பராமரிப்பு என்கிறது. அனுப்பும் பணத்தால் அந்தக் கணக்கும் நேராகவில்லை.

ராபமைசின் எலிகளின் ஆயுளை நீட்டியது என்ற செய்தி 2009இல் வந்தது. மனிதரின் ஆயுளை அது நீட்டும் என்று இன்றுவரை நிரூபணமாகவில்லை. சிறுநீரக மாற்று செய்தவர்களுக்கு எதிர்ப்பாற்றலை அடக்கக் கொடுக்கும் மருந்து அது. உங்கள் மருத்துவருக்குத் தெரியாமல் எடுப்பதாக இருந்தால் உடனே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

நூல் காத்திருக்கட்டும். நிதியம் தொடங்கத்தான் வேண்டும் என்றால், ஆயுளை நீட்டும் ஆய்வுக்குப் பணம் போட உங்கள் ஊரிலேயே பலர் இருக்கிறார்கள். ஏழை முதியவர்களுக்குக் காது கருவி கொடுக்கும் மத்திய அரசுத் திட்டம் 2017 முதல் இங்கே இருக்கிறது. ஆனால் முகாமில் வாங்கிய கருவியைச் சீரமைக்க அருகில் ஆள் இல்லாமல் அதைப் பீரோவில் வைத்துவிட்டவர்களை நான் அறிவேன். மைசூரில் 1965 முதல் இயங்கிவரும் அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் போன்ற இடங்களில் படித்து வெளிவருகிறவர்களைச் சிற்றூர்களில் தங்கி வேலை செய்ய வைக்கும் அளவுக்குச் சம்பளம் கொடுங்கள்.

இன்னொன்று. நீங்கள் அளப்பதாக எழுதிய பட்டியலில் செவித்திறன் இல்லை. உங்களுக்கும் 68 ஆகிறது, அம்மாவுக்கோ காது மந்தம். திருச்சியில் அவருக்குச் சோதனை நடக்கும் அன்றே நீங்களும் அந்த அறைக்குள் உட்கார்ந்து செவித்திறனை அளந்து காட்டும் ஆடியோகிராம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.