போந்தே-கானே என்ற பிரெஞ்சு ஒயினை 'பயோடைனமிக்' ஒயின் என்கிறார்களே, ஆர்கானிக்கிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

ஆர்கானிக்கில் முக்கியமான விதி, செயற்கை உரமும் செயற்கைப் பூச்சிமருந்தும் கூடாது என்பதுதான். பயோடைனமிக் அதற்கும் ஒரு படி மேலே போகிறது. 1924-இல் ஆஸ்திரியத் தத்துவவாதி ருடால்ஃப் ஸ்டைனர் ஆற்றிய உரைகளிலிருந்து வந்த முறை இது. பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்துக் குளிர்காலம் முழுக்க மண்ணில் புதைத்துவைப்பார்கள். அப்புறம் எடுத்துத் தண்ணீரில் கலக்கித் தோட்டத்தில் தெளிப்பார்கள். நிலவின் போக்கைப் பார்த்து நாள் குறிப்பதும் உண்டு. கொம்புச் சாணத்துக்கும் நிலவுக்கும் அறிவியல் ஆதாரம் வலுவாக இல்லை. ஆனால் இப்படிச் செய்பவர்கள் தினமும் திராட்சைக் கொடியருகே நிற்கிறார்கள். பலன் பாதி அதில்தான் என்பது என் எண்ணம்.

போந்தே-கானே இருப்பது பிரான்சின் போர்தோ பகுதியில், போயாக் ஊரில். போர்தோ ஒயின்களுக்கான 1855 தரவரிசையில் ஐந்தாம் நிலை. 1975 முதல் டெஸ்ரோன் குடும்பத்துக்குச் சொந்தம். 2004-இல் பயோடைனமிக்குக்கு மாறத் தொடங்கினார்கள். கடலுக்குப் பக்கம், ஈரம் அதிகம், பூஞ்சைத் தொல்லை ஓயாது. 2007-இல் மில்டியூ என்ற பூஞ்சை நோய் முற்றியதால் ரசாயனம் அடிக்க வேண்டியதாயிற்று. பிறகு மீண்டும் முதலிலிருந்து தொடங்கி 2010-இல் சான்றிதழ் பெற்றார்கள். டிராக்டர் மண்ணை இறுக்கிவிடும் என்று பல வேலைகளுக்குக் குதிரைகளைப் பயன்படுத்துகிறார்கள். ஒயினின் ஒரு பகுதி ஓக் பீப்பாய்க்குப் பதில் கான்கிரீட் ஜாடிகளில் முதிர்கிறது.

திராட்சை வகைகளில் கேபர்னே சாவிஞோன் பிரதானம், அடுத்து மெர்லோ. நல்ல ஆண்டுச் சரக்கென்றால் பத்து வருடமாவது வைத்திருந்து திறப்பது நல்லது. இளசாகக் குடித்தால் துவர்ப்பு தூக்கலாக இருக்கும்.