ஓப்பஸ் விருதும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மத நம்பிக்கையால் உந்தப்பட்டு மனிதநேயப் பணி செய்பவர்களுக்கு அமெரிக்காவில் வழங்கப்படும் ஓப்பஸ் விருதைப் பற்றி அறிந்தேன். ஆண்டுதோறும் ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் அதை ஏற்று நடத்துகிறது. அறிவைத் தேடும் நிறுவனம் மதம் சார்ந்த விருதுக்குத் தன் பெயரைக் கொடுக்கலாமா? இது மதப் பரப்பலுக்குக் கல்வி துணைபோவது ஆகாதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மதப் பரப்பல் குறித்த உங்கள் ஐயத்துக்கு, விருது சென்று சேர்ந்த இடங்களே ஓரளவு விடை சொல்கின்றன. 2009இல் மின்னசோட்டாவின் செயின்ட் தாமஸ் பல்கலைக்கழகம் நடத்தியபோது, மொராக்கோவில் மணமாகாத தாய்மார்களுக்காக உழைத்த ஆயிஷா எஷ் ஷன்னா விருது பெற்றார். 2013இல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் நடத்தியபோது ஆப்கானியப் பெண்கல்விக்காகப் பாடுபட்ட சகீனா யாகூபி பெற்றார். இருவரும் இஸ்லாமியர். 2008இல் இயேசு சபையினரின் சியாட்டில் பல்கலைக்கழகம் தேர்ந்த இறுதிப் பட்டியலில் நம் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் இருந்தார். அவர் காந்திய வழியான சர்வோதய மரபில் வந்தவர்.

பெயரைக் கொடுக்கலாமா என்ற கேள்விதான் கனமானது. விருதுத் தொகையான பத்து லட்சம் டாலரைத் தருவது ஓர் அறக்கட்டளை. இதற்கு யாரும் தாமாக விண்ணப்பிக்க முடியாது. களம் அறிந்தவர்கள் பரிந்துரைக்க, நடுவர் குழு பட்டியலைச் சுருக்குகிறது. அதன்பின் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்களும் மாணவர்களும் இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களின் பணியிடத்துக்கே சென்று பார்க்கிறார்கள். பல்கலைக்கழகம் தன் பெயரைக் கொடுப்பதற்கான தகுதியை இந்தப் பயணத்தில்தான் ஈட்டுகிறது என்று நான் கருதுகிறேன். இதைச் சரியாகச் செய்யாவிட்டால், விழாவுக்கு அரங்கம் தந்த இடம் என்பதற்கு மேல் அதற்கு எந்த மதிப்பும் இல்லை.

கிருஷ்ணம்மாளின் பணியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1968இல் கீழ்வெண்மணியில் 44 தலித் மக்கள் எரித்துக் கொல்லப்பட்டபின் கீழத்தஞ்சையைத் தம் களமாக்கிக்கொண்டவர் அவர். உழுபவருக்கே நிலம் என்ற நோக்கத்தோடு 1981இல் தொடங்கிய லாஃப்டி அமைப்பின் வழியாக நிலவுடைமையாளர்களிடம் பேசி, வங்கிக் கடன் பெற்று நிலத்தை வாங்கி, குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் என்று பெண்களின் பெயரிலேயே பதிவு செய்துகொடுத்தார். இதைச் சோதிக்கப் போகும் மாணவர் அலுவலகத்தில் காட்டப்படும் அறிக்கைகளோடு நிறைவடைந்துவிடக் கூடாது. பட்டா உண்மையிலேயே அந்தப் பெண்ணின் கையில் இருக்கிறதா, நெல் விற்ற பணம் அவளிடம் வருகிறதா, கடன் அடைந்துவிட்டதா, நிலம் கொடுக்கும்போது அவளிடம் சாதியையும் வழிபாட்டையும் பற்றி என்ன கேட்டார்கள் என்பதை அவள் வாயிலிருந்தே கேட்க வேண்டும். நீங்கள் அஞ்சும் மதப் பரப்பல் எங்கேனும் நடந்தால், அது வெளிப்படும் இடமும் இந்தக் கடைசிக் கேள்விதான்.

இதில் எனக்கும் கவலை உண்டு. சில நாள் பயணம், மொழிபெயர்ப்பாளரின் துணை, பெரும்தொகையை எதிர்பார்க்கும் விருந்தோம்பல் ஆகியவற்றுக்கு நடுவே உண்மையைக் காண்பது எளிதல்ல. புறப்படுவதற்கு முன்பே அந்த வட்டாரத்தின் வரலாற்றையும் நில உறவுகளையும் மாணவர்களுக்குப் பாடமாகவே நடத்தியிருக்க வேண்டும்; இல்லையென்றால் ஏழ்மையை வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பும் சுற்றுலாவாக அது முடிந்துவிடும்.

விழா முடிந்தபின் என்ன நடக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். 2008இல் முதன்மை விருதைப் பெற்றவர் ஆப்பிரிக்க நாடான புருண்டியின் மார்கரித் பரான்கிட்சே. உள்நாட்டுப் போரில் அனாதையான பிள்ளைகளை, ஹூட்டு, டுட்சி என்ற இன பேதமின்றி வளர்த்தவர். 2015இல் அரசை எதிர்த்ததால் அவர் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. அவருடைய மேசோன் ஷாலோம் அமைப்பின் வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன. ருவாண்டாவில் அகதிகளுக்காக அவர் பணியைத் தொடர்ந்தார். விருது பெற்றவருக்கு இத்தகைய இடர் வரும்போது, அவரை மேடையேற்றிய பல்கலைக்கழகம் அவருக்காகக் குரல் கொடுக்கவும், அவருடைய பிள்ளைகளுக்குத் தன் வகுப்பறையில் இடம் தரவும் முன்வர வேண்டும். விருதை ஏற்று நடத்தும் எந்தப் பல்கலைக்கழகத்திடமும் நான் முதலில் கேட்பது இதைத்தான்.