மார்ச் மாதத்து ‘அசானி’ என்ன ஆனது?

கேள்வி: 2022 மார்ச்சில் அந்தமான் பக்கம் ‘அசானி’ புயல் உருவாகப் போகிறது என்றார்கள். மே மாதத்திலும் ஓர் அசானி வந்தது. அப்படியானால் மார்ச்சில் வந்தது தாழ்வு மண்டலமாகவாவது ஆனதா?
– வாசகர் ஒருவர், நாகப்பட்டினம்

பதில்: ஆனது, அதற்கு ஒரு படி மேலேயும் போனது. மார்ச் நடுவில் வங்கக் கடலின் தென்பகுதியில் தோன்றிய காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, அந்தமான் கடலை அடைந்து, 20ஆம் தேதி தாழ்வு மண்டலமாகவும் மறுநாள் ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகவும் வலுப்பெற்றது. ஆனால் எதிர்பார்த்தபடி புயலாக மாறாமலேயே மியான்மர் பக்கம் நகர்ந்து வலுவிழந்தது. புயல் நிலையை எட்டினால்தான் பெயர் சூட்டப்படும் என்பதால், இலங்கை முன்மொழிந்த அந்தப் பெயர் மே மாதப் புயலுக்குப் போய்ச் சேர்ந்தது. மார்ச்சில் நம் செய்தியாளர்கள் செய்தது, பிள்ளை பிறக்கும் முன்பே தொட்டிலில் பெயர் எழுதி ஒட்டிய வேலை.

செயற்கைக்கோள் படத்தில் மேகத்திரள் பெரிதாகத் தெரிவதை வைத்து இந்தப் படிகளை முடிவு செய்வதில்லை. கடல்மட்டத்தில் ஒரே காற்றழுத்தமுள்ள இடங்களை இணைத்து 2 ஹெக்டாபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) இடைவெளியில் கோடுகள் வரையும்போது, மையத்தைச் சுற்றி ஒரு கோடு மூடினால் தாழ்வுப் பகுதி, இரண்டு மூடினால் தாழ்வு மண்டலம். காற்றின் கணக்கில், மணிக்கு 31 கிலோமீட்டரைத் தொட்டால் தாழ்வு மண்டலம், 51 என்றால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62 அளவைத் தாண்டினால் புயல். நடுக்கடலில் அளந்து சொல்லக் கப்பல்களும் மிதவைகளும் குறைவு என்பதால், மேகங்கள் மையத்தைச் சுற்றி எப்படிச் சுருண்டிருக்கின்றன என்பதிலிருந்து காற்றின் வேகத்தை மதிப்பிடும் டுவோராக் முறையையே பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது.

பங்குனியில் வங்கக் கடல் சூடாகத் தொடங்கிவிட்டாலும், உயரத்தில் வீசும் மேலைக்காற்று பெரும்பாலும் வலுவாகவே இருந்து, எழும்பும் இடிமேகங்களை மையத்தை விட்டு ஒருபுறமாகத் தள்ளிவிடும்; அதனால் தாழ்வு மண்டலம் புயலாக வலுப்பெறுவது கடினம். அதே மார்ச்சின் முதல் வாரத்தில் நம் கரையை நோக்கி வந்த வேறொரு ஆழ்ந்த தாழ்வு மண்டலமும் புயலாகாமல் கடலிலேயே வலுவிழந்தது.

உங்கள் ஊர்த் துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டிலும் இந்த வேறுபாடு உண்டு: தொலைவில் தாழ்வு மண்டலம் இருந்தால் 1ஆம் எண், புயலாகிவிட்டால் 2ஆம் எண்.