நீளமான பெயரை விட்டுச் சின்னச் சொல்லைப் பாருங்கள்: தோள்பட்டை ஸ்கேன் அறிக்கையை வாசிக்கும் முறை

கேள்வி: எங்கள் ஊர் தொண்டிக்குப் பக்கம். அத்தாவுக்கு 56 வயது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். மூன்று மாதமாக வலது தோளில் வலி இருக்கிறது. கையைப் பக்கவாட்டில் தூக்கினால் பாதி உயரத்தில் பிடித்துக்கொள்கிறது. இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் "சுப்ராஸ்பைனேட்டஸ் டெண்டினோசிஸ், பார்ஷியல் திக்னஸ் டியர், பர்சல் சைட், மைல்டு சப்அக்ரோமியல் பர்சைட்டிஸ், இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், டெரஸ் மைனர், சப்ஸ்காபுலாரிஸ் நார்மல், நோ மசில் அட்ரோஃபி" என்று இருக்கிறது. நரம்பு அறுந்துவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். சுளுக்குத்தான், நீவிவிட்டால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். ஸ்பைன் என்று வருவதால் முதுகெலும்பிலும் கோளாறு இருக்குமோ என்று அம்மா பயப்படுகிறார். இந்தச் சொற்களுக்கு என்ன பொருள்? ஆபரேஷன் தேவைப்படுமா?

பதில்: முதலில் உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள், முதுகெலும்பைப் பற்றி இந்த அறிக்கையில் ஒரு சொல்கூட இல்லை. நரம்பும் அறுந்துவிடவில்லை. தோளின் மேற்புறம் ஓடும் ஒரு தசையை எலும்போடு சேர்க்கும் நாண் நாள்பட்ட உழைப்பால் நைந்து, அதன் கனத்தில் ஒரு பகுதி மட்டும் கிழிந்திருக்கிறது என்பதே அறிக்கையின் சாரம். இப்படிப்பட்ட நிலையில் பெரும்பாலும் அறுவை சிகிச்சை முதல் படியாக இருப்பதில்லை. கையைத் தொட்டு, அசைத்து, வலுவைச் சோதித்துப் பார்க்கும் மருத்துவரே முடிவெடுக்க வேண்டும் என்றாலும், அவர் சொல்வதைப் புரிந்துகொள்ளவும் அவரிடம் சரியான கேள்வியைக் கேட்கவும் இந்தச் சொற்களின் பொருள் உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது.

குழப்பம் "நரம்பு" என்ற சொல்லில்தான் தொடங்குகிறது. நம் பேச்சில் புறங்கையில் பச்சையாகப் புடைத்துத் தெரியும் இரத்தக் குழாயும் நரம்பு, குதிகாலுக்கு மேலே கயிறுபோல் தட்டுப்படுவதும் நரம்பு, மூளைக்கு உணர்ச்சியையும் மூளையிலிருந்து அசைவுக்கான கட்டளையையும் கடத்துவதும் நரம்பு. மருத்துவத்தில் இவை மூன்றும் வேறு வேறு. மூன்றாவது மட்டுமே நரம்பு; முதலாவது சிரை; இரண்டாவது டெண்டன், தமிழில் தசைநாண். தசையை எலும்போடு கட்டுவது தசைநாண், எலும்பை எலும்போடு கட்டுவது தசைநார், அதாவது லிகமென்ட் என்று நம் பள்ளிப் பாடநூல்கள் சொல்கின்றன. ஆனால் செய்தித்தாள்களிலும் பேச்சிலும் தசைநார் என்ற ஒரே சொல் இவை இரண்டையும், சில வேளைகளில் தசையின் இழையையும் சேர்த்துக் குறித்துவிடுகிறது. ஆகவே மருத்துவரிடம் பேசும்போது டெண்டன், லிகமென்ட் என்றே சொல்லுங்கள் என்று நான் அறிவுறுத்துகிறேன். இது தமிழில் சொல் இல்லாத குறையால் அன்று. நமக்கு எதிர்க்கரையான யாழ்ப்பாணத்துக்கு 1847 இல் வந்த மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, அதற்கான பாடநூல்களையும் சொற்களையும் உருவாக்கினார். சொல் இருக்கிறது, எல்லோரும் ஒரே பொருளில் ஆளும் வழக்கம்தான் இன்னும் வரவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் செய்தி.

இனி அந்த நீளமான பெயர்களுக்கு வருவோம். மனித உடலில் எலும்போடு இணைந்த தசைகள் 600க்கும் மேல் உள்ளன. அவற்றுக்கு இலத்தீனிலும் கிரேக்கத்திலும் பெயர் வைத்தவர்கள் ஊருக்குப் பெயர் வைப்பதைப் போலத்தான் வைத்தார்கள். இருக்கும் இடம், வடிவம், அளவு, செய்யும் வேலை, எந்த எலும்பில் தொடங்கி எங்கே முடிகிறது என்பது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று பெயருக்குள் இருக்கும். உங்கள் அத்தாவின் இடது கையை அவருடைய வலது தோளுக்கு மேலாகப் பின்புறம் கொண்டுபோய்த் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். தோள்பட்டை எலும்பின் மேற்பகுதியில் வரப்புப் போலக் குறுக்கே ஒரு மேடு தட்டுப்படும். அந்த மேட்டின் பெயர்தான் ஸ்பைன். இலத்தீனில் ஸ்பைனா என்றால் முள். முதுகெலும்புக்கும் அதே முள்ளை வைத்துப் பெயரிட்டார்கள். நாமும் முள்ளந்தண்டு என்கிறோம். இரண்டு இடத்துக்கும் ஒரே பெயர் அமைந்ததால் வந்த பயம்தான் உங்கள் அம்மாவுக்கு வந்தது. சுப்ரா என்றால் மேலே. ஆகவே சுப்ராஸ்பைனேட்டஸ் என்பது அந்த வரப்புக்கு மேலே கிடக்கும் தசை. இன்ஃப்ரா என்றால் கீழே. இன்ஃப்ராஸ்பைனேட்டஸ் வரப்புக்குக் கீழே உள்ளது. சப் என்பதும் அடியில் என்றே பொருள்படும். ஸ்காபுலா என்பது தோள்பட்டை எலும்பு. அந்த எலும்புக்கும் விலாவுக்கும் இடையில், உட்புறமாக ஒட்டியிருப்பது சப்ஸ்காபுலாரிஸ். டெரஸ் என்றால் உருண்டு நீண்டது, மைனர் என்றால் சிறியது. இந்த நான்கின் நாண்களும் ஒன்றுசேர்ந்து புய எலும்பின் தலையைச் சட்டைக் கையின் பட்டிபோல் சுற்றிப் பிடித்துக்கொள்வதால் இவற்றை ரொட்டேட்டர் கஃப் என்கிறார்கள். நான்கில் மூன்று நன்றாக இருக்கின்றன என்று உங்கள் அறிக்கை சொல்கிறது.

மற்ற பெயர்களும் இப்படித்தான். தோளின் உருண்டையான மேல்தசை, கிரேக்க எழுத்தான டெல்டாவைப் போல முக்கோணமாக இருப்பதால் டெல்டாய்ட். பைசெப்ஸுக்கு இரண்டு தலை, ட்ரைசெப்ஸுக்கு மூன்று, தொடையின் முன்புறமுள்ள குவாட்ரிசெப்ஸுக்கு நான்கு. மடக்குவது ஃப்ளெக்ஸர், நீட்டுவது எக்ஸ்டென்ஸர், உடலை விட்டு விலக்குவது அப்டக்டர், உடலை நோக்கிச் சேர்ப்பது அடக்டர். இந்தக் கடைசி இரண்டும் காதுக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே கேட்பதால் மருத்துவரிடம் ஒருமுறை திருப்பிச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். தசை என்பதற்கான மசில் என்ற சொல்லே இலத்தீனில் சுண்டெலி என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. தோலுக்கடியில் தசை திரள்வதில் அவர்கள் சுண்டெலியைக் கண்டார்கள். நாமோ முழங்காலுக்குக் கீழே பின்புறம் திரண்டிருப்பதில் கெண்டை மீனைக் கண்டு கெண்டைக்கால் என்றோம்.

ஆனால் இந்த நீளமான பெயர்கள் நோயைச் சொல்வதில்லை, இடத்தை மட்டுமே சொல்கின்றன. என்னிடம் அறிக்கையோடு வருபவர்களில் பலர் சுப்ராஸ்பைனேட்டஸ் என்ற சொல்லைக் கண்டு நடுங்குகிறார்கள். அதற்குப் பக்கத்திலேயே நிற்கும் பார்ஷியல் என்ற சொல்லைக் கவனிப்பதில்லை. நோயின் அளவைச் சொல்வது இந்தச் சின்னச் சொல்தான். படகில் கிடக்கும் முப்புரிக் கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு வெயிலிலும் உப்பிலும் இழுபட்டு நைந்து, இழை பிரிந்து, இன்னும் அறுபடாமல் இருக்கும் நிலை டெண்டினோசிஸ். ஐட்டிஸ் என்று முடிந்தால் வீக்கமும் அழற்சியும் முதன்மை. ஓசிஸ் என்று முடிந்தால் நாள்பட்ட தேய்வு முதன்மை. மூன்று புரியில் ஒரு புரியோ அதில் பாதியோ அறுந்திருந்தால் பார்ஷியல் திக்னஸ் டியர். மேலிருந்து கீழ்வரை கனம் முழுவதும் துளைத்துக் கிழிந்திருந்தால் ஃபுல் திக்னஸ் டியர். அறுந்த முனை எலும்பை விட்டு உள்ளே பின்வாங்கியிருந்தால் ரிட்ராக்ஷன். வேலையில்லாமல் தசை மெலிந்துபோனால் அட்ரோஃபி; மெலிந்த தசைக்குள் கொழுப்பு ஏறிவிட்டால் ஃபேட்டி இன்ஃபில்ட்ரேஷன். இந்தக் கடைசி மூன்று சொற்களும் ஓர் அறிக்கையில் இருந்தால் கிழிசல் பழையது, தைத்தாலும் முழுப் பலன் கிடைப்பது கடினம் என்று பொருள். உங்கள் அறிக்கையில் இவற்றுள் ஒன்றுமே இல்லை. "நோ மசில் அட்ரோஃபி" என்பது அறிக்கையிலேயே மிகவும் ஆறுதலான வரி. பர்சா என்பது நாணுக்கும் அதற்கு மேலுள்ள அக்ரோமியன் என்ற எலும்பு முனைக்கும் இடையே உராய்வைக் குறைக்கும் சிறு நீர்ப்பை. பர்சல் சைட் என்றால் கிழிசல் அந்தப் பையை ஒட்டிய மேற்பரப்பில் இருக்கிறது. பர்சைட்டிஸ் என்றால் அந்தப் பை லேசாக வீங்கியிருக்கிறது. கையை ஏறக்குறைய 60 பாகையிலிருந்து 120 பாகை வரை தூக்கும்போது அந்த இடுக்கு நெருக்கப்படுவதால்தான் அத்தாவுக்குப் பாதி உயரத்தில் பிடித்துக்கொள்கிறது.

ஐம்பதைத் தாண்டியவர்களில் வலியே இல்லாத தோளிலும் இத்தகைய தேய்வு ஸ்கேனில் தெரிவது உண்டு. ஆகவே படத்துக்கு வைத்தியம் பார்ப்பதில்லை, ஆளுக்குத்தான் பார்க்கிறோம். பகுதிக் கிழிசலுக்கு வழக்கமாக ஆறு முதல் பன்னிரண்டு வாரம் முறையான இயன்முறைப் பயிற்சி கொடுத்துப் பார்ப்போம். உங்கள் கடிதம் மார்ச் மாதத்தில் வந்திருப்பது நல்லதாயிற்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எப்படியும் கரையில்தான் நிற்கும். வலை பழுதுபார்க்கும் வேலையை அவர் செய்யலாம். ஆனால் படகுக்குப் பெயின்ட் அடிக்கக் கையைத் தலைக்கு மேல் உயர்த்தி மணிக்கணக்கில் நிற்கும் வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிடட்டும். அந்த 61 நாளையும் பயிற்சிக்கென்றே ஒதுக்கினால் ஏறக்குறைய ஒன்பது வாரம் கிடைக்கும். கூலி இழக்காமல் இவ்வளவு நாள் கிடைப்பது எங்கள் நோயாளிகளுக்கு அரிது. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டுப் பயிற்சியைத் தொடங்குங்கள். அப்போது சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போகும் வாய்ப்பு அதிகம், அது இருந்தால் பயிற்சி முறையும் மாறும்.

நீவிவிடுவதைப் பற்றிக் கேட்டீர்கள். தைலம் தடவி மேலோட்டமாகத் தடவிவிடுவதால் இதமாக இருக்கும், தீங்கில்லை. கையைப் பிடித்து வெடுக்கென்று இழுப்பதும், வலிக்கும் இடத்தில் கட்டைவிரலால் ஆழமாக அழுத்துவதும் பாதி அறுந்த கயிற்றைச் சுண்டி இழுப்பதற்குச் சமம், அதை அனுமதிக்காதீர்கள். வலி மாத்திரையைக் கடையில் தானாக வாங்கி வாரக்கணக்கில் போடுவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஸ்டீராய்டு ஊசி ஒருமுறை போட்டால் வலி தணிந்து பயிற்சிக்கு உதவலாம். திரும்பத் திரும்பப் போட்டால் நாணே வலுவிழக்கும்.

காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. விழுந்தோ, கயிறு திடீரெனச் சுண்டியோ அதற்குப் பிறகு கையைத் தூக்கவே முடியாமல் போனாலும், பிறர் தூக்கிவிட்ட கை நிற்காமல் விழுந்தாலும், விரல்களில் மரமரப்பு தொடர்ந்து இருந்தாலும், மூட்டு சிவந்து காய்ச்சலும் வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். வலது பக்கம் என்பதால் நெஞ்சு வலியாக இருக்காது என்றும் எண்ணிவிட வேண்டாம். தோள் வலியோடு மூச்சு வாங்கலும் வியர்வையும் வந்தால் முதலில் இதயத்தைத்தான் சோதிக்க வேண்டும்.

தடைக்காலம் முடிந்து அவர் மறுபடி கடலுக்குப் போகலாமா என்பது நீங்கள் எழுதாவிட்டாலும் வீட்டில் எல்லோருடைய மனத்திலும் இருக்கும் கேள்வி. பயிற்சிக்குப் பிறகு வலியின்றிக் கை தலைக்கு மேல் ஏறினால், மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு போகலாம். கயிற்றை நெஞ்சை நோக்கி இழுப்பதில் பெரும்பங்கு லாட்டிசிமஸ் டார்சை என்ற தசைக்கு. முதுகில் அகன்று பரந்தது என்பது அந்தப் பெயரின் பொருள், நைந்த நாணின் மேல் அதனால் வரும் பாரம் குறைவு. ஐஸ் பெட்டியைத் தோளுக்கு மேல் தூக்கிக் கொடுப்பதும், வலையின் பைப்பகுதியான மடியைக் கைகளை விரித்து மேலே ஏந்துவதும்தான் சுப்ராஸ்பைனேட்டஸைச் சோதிக்கும். முதல் இரண்டு மூன்று மாதம் அந்த வேலைகளை மட்டும் படகில் இருக்கும் இளையவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். இழுப்பதை இழுக்கலாம், இடுப்பு உயரம் வரை தூக்குவதைத் தூக்கலாம் என்று அத்தாவிடம் சொல்லுங்கள்.